நோவு சொல்லாத நோய்

கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலுமாக, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த ஊர் பாலமுனை. அதன் கரையில் கரைவலை இழுக்கும் ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். வயது ஐம்பது. வெறுங்காலுடன் மணலில் ஊன்றி நின்று வலையின் கயிற்றை இழுக்கிறார். உடைந்த சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கீறுகிறது. இரத்தம் மணலை நனைக்கிறது. அவரோ அதனை உணரவில்லை. அருகில் நின்ற இளைஞன் பதறிச் சுட்டிக்காட்ட, "இது கடலிலே காய்ந்த கால், மகன், இதற்கெல்லாம் நோகாது" என்று சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பிலேதான் ஆபத்து இருக்கிறது. அது உரம் பெற்ற கால் அன்று; உணர்விழந்த கால். ஆண்டுக்கணக்காகக் குருதியில் மிகுந்து நின்ற சர்க்கரை, காலின் நரம்புகளை நுனியிலிருந்து மெல்ல மெல்ல அழித்துவிட்டது. நோவு என்பது உடலின் காவற்காரன். அந்தக் காவற்காரனையே முதலில் வீழ்த்திவிட்டு வீட்டினுள் புகும் திருடனைப் போன்றது நீரிழிவு.

சீனி வருத்தம் என்றும் சலரோகம் என்றும் ஊரார் வழங்கும் இந்நோய்க்கு நீரிழிவு என்று பெயர் அமைந்தது, அடிக்கடி சிறுநீர் கழியும் குறியைக் கொண்டே. ஆயின் அக்குறி காலந்தாழ்த்தி வருவது. வெறும் வயிற்றில் எடுத்த குருதியில் ஒரு டெசிலீட்டருக்கு 126 மில்லிகிராம் சர்க்கரை இருந்தாலே அது நீரிழிவு என்பது வைத்திய வரையறை. சிறுநீரகமோ, அளவு ஏறத்தாழ 180 ஐக் கடந்த பின்னரே சர்க்கரையை வெளியே விடத் தொடங்கும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் ஒருவர் தாகமின்றி, களைப்பின்றிப் பல ஆண்டுகள் நலமுடையவராகவே நடமாடலாம். அவருடைய நரம்பும் கண்ணும் அப்போதே தேயத் தொடங்கியிருக்கும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்றிலே, இருபது வயது நிரம்பியோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், தமக்கு நோயிருப்பதைப் பரிசோதனை நாள்வரை அறியாதவர்கள். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற மற்றோர் ஆய்வு, வளர்ந்தோரில் ஐவருள் ஒருவருக்கு மேல் இந்நோய் உண்டெனக் காட்டிற்று.

இந்தப் பெருக்கத்தின் காரணத்தை அறிய அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் வயலை உழுததும் அறுத்ததும் சூடு மிதித்ததும் மனிதரின் கைகாலும் மாடுமே. இன்று அவ்வேலைகளை இயந்திரம் செய்கிறது. சந்தைக்கு நடந்த கால் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டது. உழைப்புக் குறைந்தது, தட்டில் குவியும் வெள்ளைச் சோறோ குறையவில்லை, தேநீரில் கரையும் சீனியும் குறையவில்லை. தென்னாசிய மக்களின் உடலமைப்பும் இதற்குத் துணைபோகிறது. மெலிந்தவராகத் தோன்றுவோருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. தாய் தந்தையருக்கு நோயிருந்தால் மக்களுக்கும் அது வரும் வாய்ப்பு மிகும். பிள்ளைப்பேற்றுக் காலத்தில் சர்க்கரை ஏறிக் கண்ட தாய்மார், பேற்றுக்குப் பின் அது இறங்கிவிட்டாலும், பிற்காலத்தில் இந்நோய்க்கு ஆளாகக்கூடும்.

நோவில்லாமல் வருவது கால்நோய் மட்டுமன்று. விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் கசியத் தொடங்கும்போது பார்வை தெளிவாகவே இருக்கும். மங்கும்போது கேடு முற்றியிருக்கும். சிறுநீரகம் பழுதுபடும்போதும் முதலில் நோவு இல்லை. சிறுநீரில் சிறிதளவு புரதம் கசிவதொன்றே அடையாளம். மாரடைப்புக்கூட நெஞ்சுநோவு இல்லாமலே நீரிழிவுடையாரைத் தாக்குவதுண்டு. ஆகவே, "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்னும் சொல் இந்நோயைப் பொறுத்தவரை நலத்தின் சான்று ஆகாது.

மருந்து இல்லையா எனின், உண்டு. முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உண்டு. 1921 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசி மூலம் ஏற்றப்பட்டது. அதுவரை இன்சுலின் சுரவாத பிள்ளைகளுக்கு இந்நோய் மரணத் தீர்ப்பாகவே இருந்தது. 1957 இல் பாரிசில் வழக்குக்கு வந்த மெற்போமின் மாத்திரை, இன்றும் பெரும்பாலோருக்கு முதல் மருந்தாக விளங்குகிறது.

அண்மைக்கால மருந்துகள் இன்னொரு படி சென்றுள்ளன. மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் ஒருவகை மாத்திரைகள், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கவல்லன என்பது 2015 முதல் வெளிவந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. குடலில் சுரக்கும் ஓர் இயக்குநீரைப் போலச் செயற்படும் ஊசிமருந்துகள் பசியையும் உடல் எடையையும் குறைக்கின்றன. பிள்ளைகளைத் தாக்கும் வகை நோய் முற்றுவதைத் தள்ளிப்போடும் மருந்தொன்றுக்கு 2022 இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை வளர்த்து உடலிற் பதிக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. இத்தனை இருந்தும், உணர்விழந்த காலுக்கு அவ்வுணர்வை முழுமையாக மீட்டுக் கொடுக்கும் மருந்து இதுவரை வழக்கில் வரவில்லை. இழக்குமுன் காப்பதொன்றே வழி.

காக்க முடியும் என்பதற்குச் சான்றும் அண்டையிலே உண்டு. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2006 இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை அவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தனர். உணவைத் திருத்தி நாள்தோறும் நடந்தவர்களிடையே நோய் தோன்றுவது கால்பங்குக்கு மேற் குறைந்தது. நடைக்கு விலையில்லை, பாலமுனைக் கடற்கரைக்கு வாடகையும் இல்லை.

றமழான் மாதம் இப்பகுதி மக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் காலம். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவுடையார், ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவது தீது. சஹர் உணவைத் தவிர்ப்பதும் தீது. நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியோடு ஓரிரு பேரீச்சம்பழம் போதும். வட்டிலப்பமும் இனிப்புப் பானமும் அளவு கடந்தால், பகலெல்லாம் அடங்கியிருந்த சர்க்கரை இரவிலே பாய்ந்தெழும். பகலில் சர்க்கரை 70 க்குக் கீழ் இறங்கினாலோ 300 க்கு மேல் ஏறினாலோ நோன்பை விடவேண்டும் என்பது வைத்தியர் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் குறைவு எதுவும் இல்லை.

கால்களைக் காப்பதற்கு இவ்வூர் மக்களின் அன்றாட வழக்கத்திலேயே ஓர் அரிய வாய்ப்பு அமைந்திருக்கிறது. தொழுகைக்கு முன் வுழூச் செய்வோர் ஒரு நாளிற் பலமுறை பாதங்களைக் கழுவுகின்றனர். அவ்வேளையில் ஒரு கணம் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உற்று நோக்கினால், நோவு சொல்லத் தவறியதைக் கண் சொல்லிவிடும். கீறல், கொப்புளம், நிறமாற்றம் எதுவாயினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கழுவிய பின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல் நன்று. குனிய முடியாத முதியவருக்கு மகனோ மகளோ பாதத்தைப் பார்த்துச் சொல்லலாம். சுடுமணலில் வெறுங்காலுடன் நடப்பதையும் நீரிழிவுடையார் கைவிட வேண்டும்.

முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நோவு வரட்டும் என்று காத்திராமல், ஆண்டுக்கொருமுறையேனும் குருதியைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு காலைப்பொழுதும் ஒரு துளிக் குருதியுமே வேண்டும்.

கரைவலை இழுத்த அந்த மனிதரின் காலிலுள்ள கீறல் இன்னும் சிறியதுதான். அதைக் கண்ட இளைஞன் சிரிப்பிலே மயங்காமல் அவரை இன்றே வைத்தியரிடம் அழைத்துச் சென்றால், அடுத்த பருவத்திலும் அவர் இரு கால்களையும் ஊன்றி வலையிழுப்பார்.