குண்டுக்குத் தப்பியவர்களைக் கொன்ற தண்ணீர்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எங்காவது பேரிடர் என்று செய்தி வந்தால் நாம் எதைத் திரட்டுகிறோம்? அரிசி, துணி, போர்வை. நல்ல காரியம்தான். ஆனால் அகதி முகாமில் முதலில் உயிரைப் பறிப்பது பசிதானா? 1994-ல் கோமாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் ருவாண்டாவிலிருந்து சில நாட்களுக்குள் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி, அன்று ஜயர் எனப்பட்ட இன்றைய காங்கோவின் கோமா நகருக்கு ஓடி வந்தார்கள். தங்கிய இடமோ எரிமலைப் பாறை. கழிப்பிடத்துக்குக் குழி தோண்ட முடியவில்லை. ஏன், இறந்தவரை அடக்கம் செய்யவும் முடியவில்லை! வெட்டவெளியில் மலம் கழித்தார்கள். கிவு ஏரித் தண்ணீரை மொண்டு அப்படியே குடித்தார்கள். முதல் வாரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த சுத்தமான தண்ணீர் கால் லிட்டர்கூட இல்லை. ஒருமுறை உளூ செய்யும்போது நாம் வீணாக ஓடவிடுவது இதைப்போல் எத்தனை மடங்கு?

காலராவும் சீதபேதியும் பரவின. ஒரே மாதத்தில் சுமார் 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கியல்ல, வயிற்றுப்போக்கு!

அதன் பிறகு, 1997-ல் தொண்டு நிறுவனங்கள் கூடி 'ஸ்பியர்' என்ற அளவுகோலை வகுக்கத் தொடங்கின. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பிடம். 500 மீட்டருக்குள் குழாய். குளிக்க மாதம் 250 கிராம் சோப்பு. இவ்வளவுதான் அது கேட்பது.

வணிகச் சகோதரர்களே! திறந்த வாளியை அனுப்பாதீர்கள். சுத்தமான நீரும் பலர் கைபட்டால் கெட்டுவிடும். வாய் குறுகிய, மூடியுள்ள கேன் கொடுங்கள். சோப்பு கொடுங்கள்.

இளைஞர்களே! கழிப்பிடக் குழியைக் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். பெண்களுக்குத் தனி இடம், உள்தாழ்ப்பாள், விளக்கு வேண்டும். இல்லையேல் நம் தாய்மார்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்து நோயாளியாகிறார்கள்.

கழிப்பிடம் கட்ட வசூலா என்று கூச்சப்படுகிறீர்களா? போர்வை வழங்கினால் படம் எடுப்பார்கள். மலக்குழி தோண்டினால் யாரும் எடுப்பதில்லை. ஆனால் அந்தக் குழிதான் குழந்தையின் உயிரைக் காக்கிறது. அடுத்தமுறை துண்டேந்தும்போது அரிசியோடு நிறுத்தாதீர்கள். தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் சோப்புக்கும் சேர்த்தே கேளுங்கள்!