பதினாறு மில்லி விநாடிக் கணக்கு



ரேணிகுண்டா ஜங்ஷன் நடைமேடையில் சற்று நேரம் நின்றிருக்கிறீர்களா? கூடூர்ப் பக்கம் ஒரு தடம், அரக்கோணத்துக்கு ஒரு தடம், கடப்பைக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று. எந்த வண்டி எந்தத் தண்டவாளத்துக்கு மாறுகிறது என்று பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போய் கைப்பேசியிலும் ரயில் ஓட்டுகிறார்கள். ‘இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்’ என்ற விளையாட்டைச் செய்தது ஹைப்ரோ இன்டராக்டிவ் என்ற சென்னை நிறுவனம். ரேணிகுண்டாவிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்தான்.

அவர்களில் ஒரு பிள்ளை வளர்ந்து, “நான் கேம் எஞ்சினியரிங் படிக்கிறேன்” என்றால் வீடு கலங்கிப் போகிறது. விளையாடுவதற்கு ஒரு பட்டமா என்று அப்பா கேட்கிறார். அவருடைய கவலை நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு ரயில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். திரையில் காட்சி சீராக ஓட, விநாடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். அதற்குள் விரல் எதைத் தொட்டது என்று அறிந்து, வேகத்தைக் கணக்கிட்டு, எல்லாப் பெட்டிகளையும் வளைவில் அதனதன் இடத்தில் நிறுத்தி, வெளிச்சம், நிழல், மலை, மரம் எல்லாவற்றையும் வரைந்து முடிக்க வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அரை மீட்டர் நகர்ந்துவிடும். கணக்கு தாமதித்தால் ரயில் திரையில் திக்கித் திணறும்.

இன்னொரு சிக்கல் கேளுங்கள். ரேணிகுண்டாவைச் சுழியப் புள்ளியாக வைத்து, அங்கிருந்து எல்லா இடங்களையும் மீட்டரில் அளந்து உலகத்தை அமைக்கிறீர்கள். கேம்களில் ஓர் இடத்தைக் குறிக்கப் பெரும்பாலும் 32 பிட் எண்ணையே பயன்படுத்துகிறார்கள். அதில் ஏறக்குறைய ஏழு இலக்கங்கள் வரைதான் துல்லியம் நிற்கும். வண்டி நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனதும், கணினியால் எட்டு மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவைக் குறிக்கவே முடியாது. சக்கரம் நடுங்கும், ஜன்னல் கம்பி துடிக்கும். இதற்கு வழி என்ன? வண்டி போகப் போக, சுழியப் புள்ளியையும் கூடவே நகர்த்திக்கொண்டு போவார்கள். ஆடுகிறவருக்கு எதுவும் தெரியாது. அப்படித் தெரியாமல் செய்வதுதான் பொறியாளரின் திறமை.

இதைத்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு உண்டு. வெக்டர், மேட்ரிக்ஸ், சி பிளஸ் பிளஸ், கிராபிக்ஸ், மோதலையும் உராய்வையும் கணக்கிடும் இயற்பியல் ஆகியவையே இந்தத் துறையின் அடித்தளம். பொருளைச் சுழற்றப் பயன்படும் குவாட்டர்னியன் என்ற கணிதத்தைக் கணித அறிஞர் ஹாமில்டன் கண்டறிந்தது 1843இல். இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்) எடுத்த மாணவருக்கு இந்தத் துறையின் முதல் படி ஏற்கெனவே பழக்கமானதுதான். நல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பு இருந்தால் மீதியை அதன்மேல் கட்டிக்கொள்ளலாம். அந்தப் படிப்புக்கு, ரேணிகுண்டாவை அடுத்த ஏர்ப்பேட்டில் 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி. இருக்கிறது. திருப்பதியில் 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது.

பெற்றோரின் இன்னொரு பயம், பணம் வைத்து ஆடும் சூதாட்டம். அதையும் இதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியது. நான் பேசுவது கலையும் பொறியியலும் சேர்ந்த தொழிலைப் பற்றி. பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் 1997இலேயே இந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டது. 2023இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. அவருடைய அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் மற்றதும் செய்ய வேண்டும், அதுதான் ஆட்டம். அடுத்த ஆண்டு அது சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. நம் வீட்டு அடுப்படியே உலக மேடை ஏறியது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியின் விளம்பரத்தில் ‘கேமிங்’ என்ற சொல்லைக் கண்டதும் சேர்ந்துவிடாதீர்கள். அங்கே கணிதம் எவ்வளவு, நிரல் எழுதும் நேரம் எவ்வளவு, படித்து முடித்தவர்கள் செய்து காட்டிய விளையாட்டு எது என்று கேளுங்கள். வேலை கொடுப்பவர் மதிப்பெண் பட்டியலோடு நீங்கள் செய்ததையும் பார்ப்பார். கல்லூரியில் சேரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ என்ற கேம் எஞ்சின் இலவசம். சாதாரணக் கணினியிலும் ஓடும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளையிடம், ஒரு தண்டவாளம், ஒரே ஒரு பெட்டி, ஒரு பிரேக், இவ்வளவு மட்டும் வைத்து ஒரு விளையாட்டைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெட்டி நிலையத்தில் சரியாக நிற்கும் வரை பிள்ளை விடாமல் உட்கார்ந்தால், அந்தப் படிப்புக்குத் தயங்காமல் அனுப்புங்கள்.