ராக்கெட்டும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் சங்கத்தின் பணிகளைப் பாராட்டிப் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அதனைக் குறைவறச் செய்துவிட்டனர். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் சென்ற ஆண்டு நடத்திய ராக்கெட் ஏவும் நாளைப் பற்றியது. அதைச் சொல்லி முடித்த பின், செயற்குழுவின் முன் ஒரு வழக்கையும் வைக்கப்போகிறேன். முன்னறிவிப்பின்றி இழுத்துவிட்டான் என்று பின்னர் எவரும் குறை கூறலாகாது என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழும் நமக்கு ராக்கெட் புதிய காட்சியன்று. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. வானம் தெளிந்த நாளில் மொட்டை மாடியில் நின்றால், வடதிசையில் ஒரு வெண்கோடு எழுந்து கடல் பக்கம் வளைந்து செல்வதைக் காணலாம். எத்தனையோ முறை கண்டிருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். ஆனால் அண்ணாந்து பார்ப்பவனும் ஏவுபவனும் ஒருவரல்லர். நம் பிள்ளைகள் ஒரு நாளேனும் ஏவுபவர் பக்கம் நிற்கவேண்டும் என்ற ஆசையில்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தோம்.

மருந்து அடைத்த ராக்கெட் நமக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சிறு ராக்கெட் விடுவோர் 1957 முதல் சங்கம் அமைத்து, விதிமுறைகளோடு நடத்துகின்றனர். நம் நாட்டிலோ 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. உரிமமின்றி அத்தகைய மருந்தைத் தயாரிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. நகருக்குள் விமானங்கள் தாழப் பறக்கின்றன. தீபாவளி வாணத்தைப் பிரித்து மருந்தெடுக்கலாம் என்று எண்ணும் தம்பி எவரேனும் இங்கிருந்தால், அந்த எண்ணத்தை இந்த மண்டபத்திலேயே விட்டுச் செல்க. விரல் போனால் திரும்ப வராது.

நாங்கள் ஏவியது தண்ணீர் ராக்கெட். குளிர்பானப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர். வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, அதில் செருகிய சைக்கிள் வால்வு வழியே பம்பினால் காற்றை அடைக்கவேண்டும். அடைப்பானை விடுவித்ததும், நெருக்குண்ட காற்று நீரைக் கீழே தள்ளும். அந்த நீரோ புட்டியை மேலே தள்ளும். ஸ்ரீஹரிகோட்டாவில் எழும் பெரிய ராக்கெட்டுக்கும் இதே நியாயம்தான்; அங்கே நீருக்குப் பதில் கொதிக்கும் வாயு. கயிற்றை நீளமாகக் கட்டித் தொலைவில் நின்றே விடுவிக்கவேண்டும் என்றும், பம்பு அடித்த புட்டியின் மேல் எவரும் குனியலாகாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம்.

காலை ஏழு மணிக்கே தொடங்கினோம். நம் ஊரில் முற்பகல் ஏறியதும் கடற்காற்று எழும். துடுப்புள்ள ராக்கெட் காற்று வரும் திசை நோக்கியே தலை சாய்க்கும். பதினொரு ராக்கெட்டுகள். முதலாவது அடைப்பானிலேயே காற்று கசிந்து, பெருமூச்சு விட்டதோடு சரி. இரண்டாவது எழுந்தது, எழும்போதே நம் பொருளாளர் ஐயாவின் சலவைச் சட்டையை நனைத்துவிட்டது. (அவர் அதோ சிரிக்கிறார், அன்று சிரிக்கவில்லை.) ஐந்தாவது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணினுடையது. வண்ணத்தாள் ஒட்டி, பெயர் எழுதி, எல்லாவற்றிலும் அழகாக இருந்தது அதுதான். ஆளுயரம் எழுந்தது, புரண்டது, மதிற்சுவரில் மோதி விழுந்தது.

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் அழுவாள் என்றே நினைத்தேன். அவளோ புட்டியை எடுத்து, தரையில் உருட்டிப் பார்த்தாள். மூன்று துடுப்புகளில் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. பசை கேட்டாள். கால்மணி நேரம் சென்று, "சார், இன்னொரு தடவை விடலாமா?" என்றாள். விடக்கூடாது என்று சொல்ல அங்கு எவருக்கும் காரணம் இல்லை. இம்முறை அது தென்னை மரத்தின் தலையைத் தாண்டிச் சென்றது.

அந்த "இன்னொரு தடவை"தான் அன்றிலிருந்து என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், காலை 9.18 மணி. இஸ்ரோ தன் புதிய சிறு ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யை முதன்முதலாக ஏவியது. அதில் ஆசாதிசாட் என்ற எட்டு கிலோ செயற்கைக்கோள் இருந்தது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டுதலில், நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதன் உறுப்புகளை ஆக்கினர். பள்ளிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம். நம் மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. ராக்கெட் எழுவதைக் காண மாணவியர் ஸ்ரீஹரிகோட்டாவிற்கே சென்றிருந்தனர். ராக்கெட் எழுந்தது, ஆரவாரம் எழுந்தது. சிறிது நேரத்தில் தரவு வரவில்லை என்றனர். 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் விடவேண்டிய கோளை, ஒரு முனையில் 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. அவ்வளவு தாழ்ந்தால் காற்று இழுத்துக்கொள்ளும். மாணவியரின் உழைப்பு அன்றே அழிந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஆய்வுக் குழு அமர்ந்து தேடியது. இரண்டாம் நிலை பிரியும்போது மிகக் குறுகிய நேரம் ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகள் திணறின. அவை பழுதாகிவிட்டன என்று கணிப்பொறி தவறாக முடிவுகட்டி மாற்று வழியில் செலுத்தியது. அந்தச் சிறு அதிர்வைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10ஆம் நாள், அதே காலை 9.18 மணிக்கு, எஸ்.எஸ்.எல்.வி. இரண்டாம் முறை எழுந்தது. ஆசாதிசாட் இரண்டாவது கோள் 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாக நிலைபெற்றது. முதல்முறை கெட்டதென்று அந்த 750 பேரையும் எவரும் வீட்டிற்கு அனுப்பிவிடவில்லை. அதே மாதம் 19ஆம் நாள், மாமல்லபுரம் சாலையில் உள்ள பட்டிப்புலத்திலிருந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் பங்கேற்ற 150 சின்னஞ்சிறு கோள்களோடு ஒரு ராக்கெட் எழுந்தது. அடையாற்றிலிருந்து பேருந்தில் சென்று வரும் தூரம்.

நம் அண்டைவீட்டுக் கதையும் ஒன்று உண்டு. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்து வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தார், ஒரே துண்டாக அச்சிட்டெடுத்த எஞ்சினைக் கொண்டு ஒரு ராக்கெட் செய்தனர். 2024 மார்ச் 22, ஏப்ரல் 6, ஏப்ரல் 7, மே 28 என நான்கு முறை நாள் குறித்து, நான்கு முறையும் ஏவாமலே நிறுத்தினர். கடைசி முறை சில விநாடிகளே எஞ்சியிருந்தபோது நிறுத்தினர். மே 30ஆம் நாள் காலை 7.15 மணிக்கு அது எழுந்தது. 1979 ஆகஸ்டு 10இல் கடலில் விழுந்த எஸ்.எல்.வி. 1980 ஜூலை 18இல் ரோகிணியைச் சுமந்து சென்ற வரலாறு நீங்கள் பாடநூலிலேயே படித்தது. அதை நான் விரிக்கவில்லை.

ராக்கெட்டுக்கு மட்டுமா இரண்டாம் முறை? அண்ணல் அம்பேத்கரின் பரோடா உதவித்தொகைக் காலம் 1917இல் முடிந்ததால், இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பினார். 1920இல் மீண்டும் சென்றார். அவர் அளித்த டாக்டர் பட்ட ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்தித் தரச் சொன்னார்கள். திருத்தித் தந்து 1923இல் பட்டம் பெற்றார். அவர் படத்தை மாலையிட்டு நாம் மாட்டியிருக்கும் சுவருக்கு எதிரே, நம் உதவித்தொகை விதிகளும் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன. ஏழாம் விதியைப் படியுங்கள்: ஏதேனும் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாத மாணவருக்கு உதவித்தொகை உடனே நிறுத்தப்படும்.

அந்த விதியை வகுத்தவர்களை நான் குறை கூறேன். கூலி வேலை செய்தோரும் துப்புரவுப் பணி செய்தோரும் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகைகளால் சேர்ந்த பணம் அது. ஒருவன் வீணாக்கினால் அடுத்த பிள்ளைக்கு இல்லை. அன்று அவர்கள் அஞ்சியது நியாயமே. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்த விதியின்படி ஒரு பாலிடெக்னிக் மாணவருக்கு அனுப்பிய கடிதத்தில் கையொப்பமிட்டவன் நான். இரண்டு பாடத்தில் தவறியிருந்தார். இரவு முழுவதும் கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டுக் காலையில் வகுப்பிற்குப் போனார் என்பதை, அவர் படிப்பை விட்ட பின்னர்தான் அறிந்தேன். ஒரு கருவியின் சிறு திணறலுக்காக அங்கே ஆய்வுக் குழு அமர்ந்தது; நாங்களோ ஏன் தவறினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் இன்று நன்றாகவே வாழ்கிறார். தெருவில் கண்டால் வண்டியை நிறுத்தி எனக்கு வணக்கம் சொல்கிறார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

ஆகவே செயற்குழுவிற்கு என் வேண்டுகோள்: ஏழாம் விதியைத் திருத்துங்கள். தவறிய மாணவரின் வீட்டிற்கு உறுப்பினர் இருவர் சென்று காரணத்தை அறியட்டும். அதன் பின் ஓராண்டு உதவி தொடரட்டும். பணம் எங்கே என்று பொருளாளர் ஐயா கேட்பார், கேட்கவேண்டியவர்தாம். முதல் ஆண்டிற்கு என் ஓய்வூதியத்தில் ஒரு மாதத் தொகையை எழுதிக்கொள்ளட்டும். இங்கே அமர்ந்திருக்கும் அரசு ஊழியர்களின் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. அவர்களே எழுந்து சொல்லட்டும்.

பிள்ளைகளே, அடுத்த ஏவும் நாள் பொங்கலுக்குப் பின் வரும் இரண்டாம் ஞாயிறு. சென்ற முறை வந்தது என் வீட்டுப் பம்பு. அதன் வாஷர் தேய்ந்துவிட்டது. நல்ல பம்பு வைத்திருப்பவர் கொண்டு வருக. பொருளாளர் ஐயா பழைய சட்டையில் வருக.