கப்பலின் முகப்பு அறை



திருப்பூர்ப் பனியன் கடலை நன்கு அறியும். நெருப்பெரிச்சலில் தைக்கப்பெறும் சட்டை, பெட்டியில் அடைபட்டு, வ.உ.சி.யின் பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி மேலை நாடுகளுக்குச் செல்கின்றது. ஆயின், அதனைத் தைத்தவர்களுள் பெரும்பாலோர் கப்பலில் கால் வைத்ததில்லை. இந்நிலை இப்பொழுது மெல்ல மாறி வருகின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய ஊர்களுக்குப் பயணிகள் சென்று வந்தனர். அதன்பின் எங்கள் ஊரிலும் கப்பற் பயணத்தைப் பற்றிய பேச்சு எழலாயிற்று.

அப்பேச்சில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. கப்பலில் எந்த அறையைக் கேட்டுப் பெறுவது? முன்புறம் நோக்கிய அறைக்குப் பல கப்பல்களில் கட்டணம் மிகுதி. மிகுதியான பணம் கொடுத்தால் மிகுதியான இன்பம் கிடைக்கும் என்பது பலருடைய எண்ணம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும், பின்பகுதியை அமரம் என்றும் தமிழர் வழங்கினர். அணியத்தில் முன்னோக்கி அமைந்த அறையின் சிறப்புகளை முதலில் கூறிவிடுகின்றேன். பக்கவாட்டு அறையில் இருப்பவர் கடந்து செல்லும் கடலை மட்டுமே காண்பார். முகப்பு அறையில் இருப்பவர், கப்பலைச் செலுத்துவோர் காணும் காட்சியையே காண்பார். விடியற்காலையில் திருகோணமலை போன்ற இயற்கைத் துறைமுகத்தை நெருங்கும்பொழுது, குன்றுகள் இருபுறமும் விலகி வழிவிடுவதுபோல் தோன்றும் காட்சியைப் படுக்கையிலிருந்தே காணலாம். பொறிகளும் சுழல் விசிறிகளும் பெரும்பாலும் பின்பகுதியில் இருப்பதால், அவற்றின் அதிர்வு இங்கு மிகக் குறைவு. இவ்வறைகளுள் சில, கப்பலின் வளைவுக்கு ஏற்ப அமைந்து, மற்றவற்றைவிட விசாலமாகவும் இருக்கும். இவையெல்லாம் மெய்யான நன்மைகளே.

இனி மறுபக்கத்தைக் காண்போம். இங்கே பௌதிக நூல் நமக்குத் துணை செய்யும்.

நெருப்பெரிச்சலிலிருந்து திருப்பூருக்கு நகரப் பேருந்தில் செல்பவர் யாவரும் ஓர் உண்மையை உடம்பால் அறிவர். இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள இருக்கையில் குலுக்கல் குறைவு. பின்சக்கரத்தையும் தாண்டிக் கடைசியில் இருக்கும் இருக்கையில் குலுக்கல் மிகுதி. சிறுவர் விளையாடும் சீசாப் பலகையும் இதனையே கற்பிக்கின்றது. பலகையின் நடுவில் நிற்பவன் அசைவதே இல்லை எனலாம். நுனியில் இருப்பவன் வானுக்கும் மண்ணுக்குமாகப் போய் வருகின்றான். அலைமேல் செல்லும் கப்பலும் ஒரு பெரிய சீசாப் பலகையே. அணியம் மேலெழும்பொழுது அமரம் தாழும். அமரம் எழும்பொழுது அணியம் தாழும். இதனை நெடுக்காட்டம் என்று கூறலாம்.

'எம்பிரஸ்' ஏறத்தாழ 210 மீட்டர் நீளமுடையது. அத்தகைய கப்பல் ஒன்று, நடுப்பகுதியைச் சுழல்மையமாகக் கொண்டு, மேலே ஒரு பாகை, கீழே ஒரு பாகை ஆடுவதாகக் கொள்வோம். கண்ணுக்கு அது பெரிய ஆட்டம் அன்று. ஆயின், நடுவிலிருந்து 90 மீட்டர் முன்னே உள்ள அறையில் படுத்திருப்பவர் 1.6 மீட்டர் மேலேறி, அதே அளவு கீழிறங்குவார். மொத்தம் 3 மீட்டருக்குமேல்! எட்டு விநாடிக்கு ஓர் ஆட்டம் எனில், அவர் எட்டு விநாடிக்கு ஒருமுறை வீட்டின் ஒரு மாடி உயரத்தை ஏறி இறங்குகின்றார். நடுவிலிருந்து 10 மீட்டர் தொலைவில் உள்ள அறையிலோ இந்த ஏற்ற இறக்கம் ஒரு முழத்திற்கும் குறைவே. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதன் முடுக்கத்தையும் கணித்துப் பார்க்கலாம். முகப்பு அறையில் அது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வரும்.

கப்பல் ஆடாமல் இருக்கக் கருவிகள் உண்டே என்று சிலர் வினவலாம். உண்டு. மீனின் துடுப்பைப் போன்ற இரு இறக்கைகளை நீருக்கடியில் இருபுறமும் நீட்டி ஆட்டத்தை அடக்குகின்றனர். ஆனால், அவை அடக்குவது இடவலமாகச் சாயும் பக்கவாட்டு ஆட்டத்தையே. நெடுக்காட்டத்தை அவை பெரிதும் தடுப்பதில்லை. ஆதலின், அவற்றை நம்பி முகப்பு அறையைப் பெறுபவர் தமக்குத் தேவையான காப்பினைப் பெறாதவரே ஆவர்.

தலைச்சுற்றலும் குமட்டலும் ஏன் உண்டாகின்றன? நம் உட்காதில் உடலின் அசைவை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவை, 'அசைகின்றாய்' என்று கூறுகின்றன. அறையின் சுவரையும் கட்டிலையும் காணும் கண்ணோ, 'அசையவில்லை' என்று கூறுகின்றது. இவ்விரு சான்றுகளும் முரண்படும்பொழுது உடல் கலங்குகின்றது. ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை நிகழும் ஏற்ற இறக்கமே மிகுதியான குமட்டலைத் தருவது என ஆய்வாளர் கண்டுள்ளனர். நான் மேலே கூறிய எட்டு விநாடி அதற்கு மிகத் தொலைவில் இல்லை. தொடுவானத்தை நோக்கினால் கண்ணும் காதும் ஒருவாறு இணங்கும், மயக்கமும் தணியும். அவ்வகையில் முகப்பு அறையின் பலகணி பகலில் நன்மை செய்வதே.

ஆனால் இரவில்? முகப்பு அறைகள் பலவற்றில் இருட்டியபின் திரையை மூடிவிட வேண்டும் என்பது கட்டளை. இதற்குத் தக்க காரணம் உண்டு. கப்பலைச் செலுத்தும் மேடையும் முன்புறம் நோக்கியே உள்ளது. அங்கு விழித்திருக்கும் மாலுமிகள் இருளில் சிறு படகின் விளக்கையும் காண வேண்டியவர்கள். கண் இருளுக்கு முற்றும் பழக அரைமணி நேரம் வேண்டும். ஓர் அறையின் வெளிச்சம் ஒரு நொடியில் அதனைக் கெடுத்துவிடும். வங்கக் கடலில் இரவில் வலை வீசும் நம் மீனவரை எண்ணினால், அந்தத் திரைக்குப் பின்னே ஓர் உயிர்க் கடமை இருப்பது விளங்கும். எனினும், காட்சிக்காகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அத்திரைக்குள் மறைந்துவிடுகின்றது என்பதும் உண்மையே.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கப்பல் மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் செல்லும்பொழுது, இலையசையாத நாளிலும் முகப்பில் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் முன்மாடத்தில் நாற்காலியிட்டு அமர இயலாது. நங்கூரச் சங்கிலியின் பேரொலி, கீழ்த்தளத்து முன் அறைகளில் இருப்போரைத் துறைமுகம் வருமுன்னே எழுப்பிவிடும்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு வியப்பைக் காட்டுகின்றது. பாய்க்கப்பல்களின் காலத்தில் அணியத்தில் தங்கியவர் யார்? சாதாரண மாலுமிகள். தலைவரும் அதிகாரிகளும் பின்பகுதியில் இருந்தனர். 1912ஆம் ஆண்டில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலில் முதல் வகுப்பினர்க்கு நடுப்பகுதி. மூன்றாம் வகுப்பில் தனியே வந்த ஆடவர்க்கு அணியம். நம்மவர் பயணம் செய்த 'ரஜூலா' 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அது பல்லாண்டுகள் சென்று வந்தது. அதில் ஏழைத் தமிழர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தே கடல் கடந்தனர். இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. அன்று வசதியற்றவர்க்கு ஒதுக்கிய அணியம், இன்று மிகுந்த விலைக்கு விற்கப்படுகின்றது. கப்பல் பெரிதாயிற்று; கண்ணாடிப் பலகணி வந்தது; கடல்மேல் போவதே இன்பம் என்னும் எண்ணமும் வந்தது. மாறாதது ஒன்றே. அலை, அணியத்தை இன்றும் அவ்வாறே தூக்கி எறிகின்றது.

என்னிடம் படித்த ஒருவர் எங்கள் பகுதியில் சிறு தையற்கூடம் நடத்துகின்றார். தம் தாயாருக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "ஐயா, அம்மாவுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று முன்பக்க அறையே பேசியிருக்கிறேன்" என்றார். அம்மையார் அவிநாசிக்குப் பேருந்தில் சென்றாலே எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருப்பவர். நான் மேற்கூறிய சீசாப் பலகையை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில், எளிய அறையை மாற்றிப் பெற்றார். மேல்தளம் செல்லச் செல்லப் பக்கவாட்டு ஆட்டமும் மிகும் என்பதனால் கீழ்த்தளமே அவருக்கு ஏற்றது. அம்மையார் இரவில் நன்றாக உறங்கினார். காலையில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்புறத்துப் பொதுத்தளத்திற்குச் சென்று, ஒரு மணி நேரம் கடலை நோக்கி நின்றாராம். மிச்சமான பணத்தில் தம் கூடத்துப் பெண்களுக்கு ஏதோ வாங்கி வந்ததாகவும் மகன் கூறினார்.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் முன்னோக்கிய காட்சியைப் பொதுத்தளத்தில் எவரும் காணலாம். காட்சி பொதுவுடைமை. உறக்கமோ அவரவர் அறையில்தான் கிட்ட வேண்டும். பொதுவில் கிடைப்பதற்காகத் தனியே பெற வேண்டியதை இழப்பது அறிவுடைமை ஆகாது. அலைக்கு அஞ்சாத உடலும், விடியலில் படுக்கையிலிருந்தே கரையைக் காணும் வேட்கையும், அதற்குரிய செல்வமும் உடையவர் முகப்பு அறையைத் தாராளமாகப் பெறலாம். அவர்க்கு அது சிறந்த இடமே. முதியவர், குழந்தைகள், பயணம் ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோர்க்கு நடுவும் தாழ்வுமான அறையே நலம். புயல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலில் செல்வோர் இதனை மேலும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் செல்லும் கல்லூரி மாணவர்களும், குறைந்த கட்டணத்துக் கீழ்த்தளப் படுக்கையைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. அந்த மூன்று நாள் பயணத்தில் அதன் அருமை விளங்கும்.

மாணவர்களே! விலை என்பது பலர் விரும்புகின்றனர் என்பதற்குச் சான்று. உங்களுக்கு ஏற்றது என்பதற்குச் சான்று அன்று. கப்பலறை ஆயினும், கல்லூரிப் படிப்பு ஆயினும், ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். அங்கிருந்து எதைக் காண்பேன்? அங்கே எதைத் தாங்குவேன்? முதல் வினாவை உலகம் தானாகவே உங்களிடம் கேட்கும். இரண்டாம் வினாவை நீங்களேதாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.