பேக்டரியில் செய்ததெல்லாம் கெட்டதா?

(மாத்தளை மாவட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பதப்படுத்திய உணவைக் குறையுங்கள்" என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் எது பதப்படுத்திய உணவு?

நாம் பறிக்கும் கொழுந்தையே எடுத்துக்கொள்வோம். பேக்டரியில் வாட்டி, அரைத்து, நொதிக்க வைத்து, காயவைத்து, சலித்த பிறகுதான் அது தேயிலைத் தூள். இத்தனை மெசின் ஏறினாலும் வெறும் தேயிலையில் வேறெதுவும் சேர்வதில்லை. நம் மாத்தளை மிளகும் காய்ந்த பிறகுதான் கறுப்பு மிளகு. ஆகவே மெசின் பட்டதெல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது.

பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் முன்வைத்த 'நோவா' முறையில் இன்று நான்கு வகுப்புகள் உண்டு. அரிசி, பருப்பு, மரக்கறி, தேயிலை முதலாவது. எண்ணெய், சீனி, உப்பு இரண்டாவது. டின்மீன், கருவாடு போன்றவை மூன்றாவது. வீட்டு அடுப்படியில் இல்லாத நிறமூட்டி, சுவையூட்டி சேர்த்து ஆலையில் உருவாக்கிய சோடா, பக்கெட் நூடில்ஸ், சொசேஜஸ் நான்காவது. குறைக்கச் சொல்வது இந்த நான்காவதைத்தான்.

சிக்கலும் இங்கேதான். மா, உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட பாண் மூன்றாவது வகுப்பு. அதே பாணில் ஆலைச் சேர்மானங்கள் கலந்தால் நான்காவது. சுவையூட்டிய சோயா மீட்டும் நான்காவதுதான். ஆனால் இறைச்சி வாங்க முடியாத மாதக் கடைசியில் லயத்து அடுப்பில் வேகுவது அதுதானே? 1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷாவும் சோளம், சோயா, பால்மா, விட்டமின் சேர்த்து ஆலையில் செய்ததே. பக்கெட்டில் வருகிறது என்று அதை ஒதுக்கினால் நட்டம் நம் பிள்ளைக்கு. 2016 கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதமானோருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. தோட்டங்களில் அது சுமார் 32 வீதம்.

அமெரிக்க அரசே 2025 ஜூலையில்தான் இதற்கு ஒரு வரைவிலக்கணம் தேடிப் பொதுமக்களிடம் தகவல் கேட்டது. அதுவரை நாம் காத்திருக்க முடியாது.

2016 முதல் நம் நாட்டில் சோடாப் போத்தலில் நிறப் புள்ளி உண்டு. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தப் புள்ளி சீனியை மட்டுமே அளக்கிறது. செயற்கை இனிப்புப் போட்ட பானமும் பச்சை வாங்கிவிடும். ஆகவே புள்ளியோடு உள்ளடக்கப் பட்டியலையும் பாருங்கள். நம் பிளேன்டீக்குப் புள்ளி கிடையாது. ஆனால் 100 மில்லிலீட்டருக்கு மூன்று தேக்கரண்டி சீனி போட்டால் அதுவும் சிவப்புதான்.

விடியுமுன் எழுந்து மலைக்கு ஓடும் தாய் பக்கெட்டை வெட்டுவது சோம்பலால் அல்ல. நேரமும் காசும் இல்லாததால். அதனால் இது சங்கத்தின் விடயம். பிள்ளை மடுவத்தில் சமைத்த பகல் உணவு, லயத்தோடு மரக்கறி போட ஒரு துண்டு நிலம், வயிறு நிறையும் சம்பளம்: இவற்றை நாம் சேர்ந்து கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் உள்ள வெறும் பக்கெட்டுகளைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.