மின்மடற் கோப்புகளில் உறங்கும் கவிதைகள்



ஓலையைக் கறையான் அரித்தது. தாளைக் காலம் பழுப்பாக்கியது. மின்மடலுக்கு இவ்விரு கேடும் இல்லை. ஆயினும் 1990களின் இறுதியில் தமிழ்க் கவிஞர் பலர் தம்முள் எழுதிக்கொண்ட மடல்களை இன்று திறந்தால், குறியிட்ட இலத்தீன் எழுத்துகளே தோன்றுகின்றன. எழுத்து அழியவில்லை, படிக்கும் திறவுகோலே மாறிவிட்டது. அன்று திஸ்கி, டாப், டாம், பாமினி எனக் குறியேற்ற முறைகள் பல. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றும், அது பொதுவழக்காகப் பல ஆண்டுகள் சென்றன.

நூற்றுக்கணக்கான மடல்களைத் தனித்தனியே மாற்றுதல் அயர்வு தரும் பணி. ஓர் அடைவிலுள்ள கோப்புகளை வரிசையாகத் திறந்து, மாற்றி, வேறோர் அடைவில் எழுதிவைக்கச் சிறு நிரல் ஒன்று போதும். மடலைப் பகுத்தறியும் நிரற்கூறு பைத்தான் மொழியுடனேயே வருகிறது. எனினும் நிரல் எழுதுவோர் கருத வேண்டியவை மூன்று.

முதலாவது, வரி. அஞ்சலுக்கான ஒரு முறை, 76 இடங்களுக்கு மேற்பட்ட வரியை ஈற்றில் சமக்குறியிட்டு முறிக்கிறது. அம்முறிவு அஞ்சலுடையது, கவிஞருடையது அன்று. அதனை மட்டும் ஒட்ட வேண்டும். எல்லா முறிவுகளையும் ஒட்டும் நிரல் கவிதையை உரைநடையாக்கிவிடும்.

இரண்டாவது, எழுத்தின் வரிசை. திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் நிற்கும். ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னும் வரும். இடம் மாற்றாது குறியை மட்டும் மாற்றினால் சொல் சிதையும். லினக்சிலுள்ள ஐகான்வ் என்னும் கருவி திஸ்கியை அறியும்.

மூன்றாவது, அடையாளம். திஸ்கி ஆங்கில எழுத்துகளின் இடங்களை விட்டுவைத்தது. பாமினியோ அவ்விடங்களிலேயே தமிழை அமர்த்தியது. வெற்றுரை மடலில் எழுத்துருவின் பெயர் தங்குவதில்லை. எனவே பாமினி மடலில் எது தமிழ், எது ஆங்கிலம் என நிரல் அறியாது. ஆங்கிலப் பெயரொன்று பொருளற்ற தமிழாகிவிடும். மடலின் தலைப்பகுதி கூறும் குறியேற்றப் பெயரும் எப்போதும் மெய்யன்று; திஸ்கி மடல்கள் பல மேலை ஐரோப்பிய எழுத்தெனப் பெயர் தாங்கி வந்தன. ஐயத்துக்குரிய கோப்புகளை நிரல் தனியே ஒதுக்க வேண்டும். அவற்றைத் தமிழறிந்தவர் கண்ணே தீர்மானிக்க வேண்டும்.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்தார் உ.வே. சாமிநாதையர். அச்சேறிய கவிதையின் முதல் வடிவமும், திருத்திய சொல்லும் இம்மடல்களில் இருக்கக்கூடும். ஆதலின் மாற்றிய படி எத்துணைச் செம்மையாயினும் மூலக்கோப்பை அழித்தலாகாது. மாற்றம் பிழைபடின் மீண்டும் செய்யலாம். மூலம் அழியின் செய்வதற்கு ஒன்றுமில்லை.