பிடி இறுகினாலன்றிப் பணி முடியாது



ஈருருளி உந்து இன்று உழவர் வீட்டிலும் நிற்கிறது. கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டிலும் நிற்கிறது. அதனை ஓட்டத் தெரிந்தோர் பலர். ஓடும் வண்டியை நிறுத்துவது எது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே! மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். விரைவு இரு மடங்கானால், அடக்க வேண்டிய ஆற்றலோ நான்கு மடங்காகும். முன்னுருளியில் அவ்வாற்றலை வெப்பமாக்கி அடக்குவன இரண்டு சிறு கட்டைகள். பட்டறைகளில் ‘பிரேக் பேடு’ என வழங்கும் அவற்றுக்குத் தடைக்கட்டை என்பதே பொருந்திய பெயர்.

தட்டுத் தடைக்கு இங்கிலாந்துப் பொறிஞர் இலாங்கெசுட்டர் 1902-இல் காப்புரிமை பெற்றார். 1969-இல் யப்பான் நாட்டு ஓண்டா நிறுவனத்தின் ‘சிபி 750’ அதனை ஈருருளியில் பரவச் செய்தது. அதன் இயக்கம் எளியது. கைப்பிடியை அழுத்தினால் குழாயிலுள்ள நீர்மம் அழுத்தம் பெறுகிறது. அடைபட்ட நீர்மத்தின் அழுத்தம் எப்பக்கமும் ஒன்றே என்பது பாசுகல் கண்ட உண்மை. அவ்வழுத்தம் கவ்வியிலுள்ள உந்துதண்டை வெளியே தள்ள, இரு கட்டைகளும் தட்டை நெருக்குகின்றன.

கட்டை தேயத் தேய உந்துதண்டும் சிறிது சிறிதாக வெளியே வந்து அவ்விடைவெளியை நிரப்பிவிடும். ஆதலால், தேய்வு கைக்குத் தெரிவதில்லை, கண்ணால்தான் காணவேண்டும். கட்டையிலுள்ள பள்ளக்கோடு மறையும் நிலை வந்தாலும், உராய்பொருள் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தாலும், மாற்றும் காலம் வந்துவிட்டது. இரும்பு தட்டில் உரசும் ஒலி கேட்கும்வரை காத்திருப்பது, தட்டையும் சேர்த்து இழப்பதாகும்.

இப்பணியை வீட்டிலேயே செய்யலாம். வண்டியைச் சமநிலத்தில் அசையாது நிறுத்துக. கவ்வி தன்னிடத்தில் இருக்கும்போதே கட்டையைத் தாங்கும் ஊசியைச் சற்றுத் தளர்த்துக. பின்னர்க் கவ்வியின் மரையாணிகளைக் கழற்றுக. கவ்வியைக் குழாயில் தொங்கவிடாது கயிற்றால் கட்டுக. துகளை வாயால் ஊதவேண்டா. பழங்கட்டைகளில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தலே நன்று. உந்துதண்டைக் கன்னெய்யாலோ பொறிநெய்யாலோ கழுவினால், ‘ரப்பர்’ எனும் தொய்வ வளையம் ஊதிக் கெடும்.

புதுக்கட்டை தடித்தது. எனவே, நீர்மக் கிண்ணத்தின் மூடியைத் திறந்துவைத்து, உந்துதண்டை மெல்ல உள்ளே தள்ளுக. கிண்ணத்தில் நீர்மம் உயரும், வழியவிடாது எடுத்துவிடுக. வண்ணப்பூச்சில் பட்டால் அரித்துவிடும்; உடனே நீரால் கழுவுக. அந்நீர்மம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ‘டாட் 4’ வகையின் கொதிநிலை புதிதில் 230 பாகைக்குக் குறையாது. ஈரமேறியபின் 155 பாகைவரை தாழக்கூடும். ஆதலின், பணி முடிந்ததும் மூடியை இறுக மூடுக. புதுக்கட்டையின் முகத்தில் நெய்க்கறை படலாகாது. மரையாணிகளை வண்டிக் கையேடு கூறும் அளவுக்கே முடுக்குக.

பணி முடிந்ததா? இல்லை! பேரிடர் இனிமேல்தான் காத்திருக்கிறது. உந்துதண்டு உள்ளே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. கட்டைக்கும் தட்டுக்கும் இடையே வெளி இருக்கிறது. இந்நிலையில் வண்டியைக் கிளப்பித் தெருமுனையில் பிடியை அழுத்தினால், அது வெறுமனே கைப்பிடிவரை வந்து சேரும், வண்டியோ நிற்காது! மரையாணியைச் செவ்வனே முடுக்கியவர்களும் இந்த ஒரு மறதியால் வீழ்வதுண்டு.

எனவே, பொறியை இயக்குமுன் பிடியை மீண்டும் மீண்டும் அழுத்துக. தளர்ந்த பிடி படிப்படியாக இறுகும். கல்போல் இறுகிய பின்னர் நீர்ம அளவைப் பார்த்து, வண்டியைக் கையால் தள்ளி நிறுத்திப் பார்க்க. எத்தனை முறை அழுத்தியும் இறுகாவிடின் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். தேர்ந்த தொழிலாளியிடம் காட்டாது ஓட்டற்க. இறுகினாலும், முதல் சில நூறு கிலோமீட்டர் புதுக்கட்டை தட்டோடு படியும் காலம், மெல்லச் செல்க.

கருவியைப் பிடிப்பது மட்டும் தொழிலறிவு ஆகாது. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அசைகிறது என்றறிந்து செய்வதே தொழிலறிவு. அவ்வறிவுடைய கை, வண்டியின் பின்னிருக்கையில் அமரும் குழந்தையின் உயிரையும் காக்கும். பிடி இறுகட்டும், பின்னர் வண்டி புறப்படட்டும்!